குமிழ் இல்லாத கதவுகள்

பிரேமாவதியின் கார் பழையது. சன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். நான்கு கதவுகளையும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும். அதே மாடலில் விலை கூடிய ரகத்துக்குத் தானாக இறங்கும் கண்ணாடி, ஒரே பித்தானில் பூட்டும் கதவு என்று எல்லா வசதியையும் கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். அவள் வாங்கியது மலிவான ரகம். லூனாசில் இருந்த வீட்டிலிருந்து கூலிமில் உள்ள தொழிற்சாலைக்குப் போய்வர அது போதும் என்று இருந்துவிட்டாள்.

அவள் கணவன் காளிதாசன் இன்னொரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன். ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு வேலையை விட்டான். ஒரே மகளும் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட, பகல் முழுவதும் வீட்டில் தனியாகக் கிடந்தான். பார்த்த தொலைக்காட்சியையே திரும்பத் திரும்பப் பார்த்தான். அவன் இப்படியே முடங்கிவிடுவானோ என்று பிரேமாவதி பயந்தாள். அதனால்தான், அந்தக் காருக்குப் பவர் விண்டோ போடப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சுங்கை பட்டாணியில் உடைத்த கார்களின் பாகங்களை விற்கும் கடைக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். விலை கூடிய ரகத்துக் கார் ஒன்றின் கதவுகளுக்குள்ளிருந்து மோட்டார்களையும் வயர்களையும் கழற்றி வந்தார்கள். போர்ட்டிக்கோவில் பாய் விரித்து உட்கார்ந்து காளிதாசன் வேலை செய்தான். முதுகு வலித்தால் அப்படியே படுத்துக்கொள்வான். கொஞ்சம் ஆறியதும் மறுபடி எழுந்து உட்காருவான். முதல் கண்ணாடி தானாக இறங்கியபோது அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பித்தானை அழுத்தினால் நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. கார் வேகமெடுத்தால் தாமாகவே பூட்டிக்கொண்டன. நிறுத்தினால் பக்கக் கண்ணாடிகள் மடங்கின. புதிய கார்களில் கதவின் மேல் பூட்டுக் குமிழ் நீட்டிக்கொண்டிருப்பதில்லை என்று சொல்லி, குமிழ்களின் தலையை வெட்டி உள்ளே இறக்கிவிட்டான். பூட்டினால் அது கதவுக்குள் முழுகிப்போகும். விரலால் பிடித்துத் தூக்க முடியாது. திருடன் கம்பி விட்டு இழுக்க வழியில்லை என்று பெருமையாகச் சொன்னான். தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பெண்கள் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

கடைசியாக ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை டாஷ்போர்டுக்குள் வைத்தான். அதில் ஒரு சிம் கார்டு இருந்தது. அவன் கைப்பேசியிலிருந்தே இஞ்சினைக் கிளப்பலாம், நிறுத்தலாம், ஏர்கோனைப் போட்டுவைக்கலாம், கதவைப் பூட்டலாம். கதவு திறப்பதும், கார் எங்கே போகிறது என்பதும் திரையில் ஒரு புள்ளியோடு தெரியும். அவள் வேலை முடிந்து வெளியே வருவதற்குள் வீட்டில் இருந்தபடியே அவன் காரைக் குளிரவைத்துவிடுவான். வெயிலில் நின்ற காருக்குள் ஏறும்போது சில்லென்று இருக்கும்.

பிறகு போன்கள் வரத் தொடங்கின. தோழியோடு கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பாள். அவன் கூப்பிடுவான்.

"ஷிஃப்ட் முடிஞ்சிருச்சே. கதவு இன்னும் தொறக்கலயே, பிரேமா?"

"பேசிக்கிட்டு இருந்தேங்க."

"சரி சரி. சும்மாதான் கேட்டேன் லா."

அவன் குரலை உயர்த்தியதே இல்லை. காய்கறி வாங்கும் பாசாரில் கூடுதல் நேரம் நின்றால் எதற்கு என்று கேட்பான். வழக்கமான பாதையை விட்டு வேறு வழியில் வந்தால், அந்தப் பக்கம் ரோடு ஜாமா என்று கேட்பான். பதில் சொன்னால் அதோடு விட்டுவிடுவான். ஆனால் அவன் கேட்பதற்கு முன்பே பதிலைத் தயார் செய்யத் தொடங்கியிருந்தாள் பிரேமாவதி. சாயங்காலத்தில் டீ குடிக்க நிறுத்தலாமா என்று நினைப்பாள். அதற்கு என்ன சொல்வது என்று யோசிப்பாள். அலுத்துப்போய் நேராக வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அவளுடைய தங்கை உமாராணி செமிலிங் பக்கம் ஒரு பழைய தோட்டக் குடியிருப்பில் இருந்தாள். காளிதாசன் வேலையை விட்ட சமயத்தில், உட்கார்ந்தபடி செய்கிற வேலை எத்தனையோ இருக்கிறது, மாமா தேடிப்பார்க்கலாமே என்று அவள் ஒருமுறை சொல்லிவிட்டாள். அதை அவன் மறக்கவில்லை. தங்கை வீட்டுக்குப் போகக் கூடாது என்றும் அவன் சொல்லவில்லை. போகணும்னா போயிட்டு வா என்பான். போய்வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருப்பான். பிரேமாவதி போவதை நிறுத்திக்கொண்டாள்.

உமாராணி கர்ப்பப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பியிருந்தாள். பார்க்காமல் இருக்க மனம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, ஓவர்டைம் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பிரேமாவதி கிளம்பினாள். கூலிமுக்குப் போகாமல் வடக்கே திருப்பினாள். கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்துப் பைக்குள் போட்டாள். பெட்டியின் ஞாபகம் அவளுக்கு இருந்தது. என்னதான் ஆகிவிடும், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தைரியப்படுத்திக்கொண்டாள்.

பீடோங்கைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் பாதையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது இஞ்சின் நின்றது. ஸ்டியரிங் கனத்தது. கார் உருண்டு ஓரமாக நின்றது. சாவியைத் திருகினாள். ஒரு சத்தமும் இல்லை. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மெல்ல மடங்கின.

கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்த பித்தானை அழுத்தினாள். அதுவும் வேலை செய்யவில்லை. பூட்டுக் குமிழ் இருந்த குழிக்குள் நகத்தை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. கண்ணாடியை இறக்கும் விசையும் செத்துக்கிடந்தது. பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்தாள். திரை முழுக்க அவன் கூப்பிட்ட அழைப்புகள்.

எடுத்ததும் அவன், "எங்க இருக்க?" என்றான்.

"நீங்களா நிறுத்தினீங்க?"

"காடிய யாரோ திருடி ஓட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். நீ போன எடுக்கல. காடி வேற எங்கயோ போவுது."

"கதவு தொறக்க மாட்டேங்குது. தொறங்க."

திருட்டுப் பூட்டைப் போட்டுவிட்டேன், அதைப் போட்டால் உள்ளே எந்தப் பித்தானும் வேலை செய்யாது, இதோ எடுத்துவிடுகிறேன் என்றான். அவள் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காட்டுக்குள் லைன் விட்டுவிட்டு வந்தது. பெட்டிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அழுத்துறேன், சுத்திக்கிட்டே இருக்கு, போவ மாட்டேங்குது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அத்தோடு லைனும் அறுந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள், போகவில்லை.

வெயில் ஏறியிருந்தது. கார் நின்ற இடத்தில் நிழல் இல்லை. ஹாரனை அழுத்தினாள். சத்தம் மரங்களுக்குள் போய்க் கரைந்தது. ஒரு லோரியும் வரவில்லை. பிளாஸ்டிக்கும் சீட்டும் காய்ந்து நாறின. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மூச்சு வாங்க வாங்க உள்ளே இருக்கும் காற்று தீர்ந்துபோவதாகத் தோன்றியது. அப்போது அவள் மனதில் வந்தது காளிதாசனுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான். ஓவர்டைம் என்று ஏன் பொய் சொன்னாய் என்பான். அதற்குச் சொல்ல வேண்டியதை அவள் மனம் கோத்துக்கொண்டிருந்தது. இங்கே இப்படி வெந்துகொண்டிருக்கும்போதும் அதையே நினைக்கிறோம் என்று உறைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

பக்கத்துச் சீட்டின் தலைச்சாய்ப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அடியில் இருந்த சின்ன விசையை அழுத்திக்கொண்டு இழுத்ததும் இரண்டு இரும்புக் கம்பிகளோடு கழன்று வந்தது. கம்பியின் முனையால் தன் பக்கத்துச் சன்னல் கண்ணாடியின் ஓரத்தில் குத்தினாள். பலமுறை குத்திய பிறகு கண்ணாடி வெள்ளையாக நொறுங்கி மடியில் கொட்டியது. அந்த ஓட்டை வழியாகத் தலையை நுழைத்து, தோளை நுழைத்து, செம்மண்ணில் கைகளை ஊன்றி விழுந்தாள். அலாரம் கத்தத் தொடங்கியது.

தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் ரொட்டி கொண்டு போய் விற்கும் முகம்மது ஹனீபா அந்தச் சத்தம் கேட்டு வந்தார். அவள் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, யாராவது அடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். அதற்குமேல் எதுவும் கேட்காமல், ரொட்டிப் பெட்டியைக் கழற்றிக் காருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு உமாராணி வீட்டில் கொண்டு போய் விட்டார்.

மத்தியானம் காளிதாசன் பக்கத்து வீட்டு முருகையாவின் காரில் வந்து சேர்ந்தான். முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவள் கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். திருடன் என்று நினைத்ததை மறுபடியும் சொல்ல ஆரம்பித்தான்.

"நான்தான் ஓட்டுறேன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள் பிரேமாவதி.

அவன் செருப்பைக் கழற்றப் பார்த்தான்.

"தெரியும்தானே?"

"தெரியும்," என்றான். "நீ வெளிய போயிட்டா எனக்கு வேற ஒண்ணும் ஓட மாட்டேங்குது, பிரேமா. அந்தப் புள்ளி நகருறத பாத்துக்கிட்டே இருப்பேன். அது வூட்டுப் பக்கம் திரும்புனாத்தான் மூச்சே வரும். இன்னிக்கு அது தூரமாப் போய்க்கிட்டே இருந்துச்சு."

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த இரக்கத்தில்தான் இத்தனை நாளும் சிக்கிக்கிடந்தோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவனோடு போகவில்லை. பீடோங்கிலிருந்து கிளம்பும் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். தங்கையைக் குளிப்பாட்டினாள், சமைத்துப் போட்டாள்.

சில வாரம் கழித்துக் காளிதாசன் பஸ் மாறி மாறி வந்து இறங்கினான். கண்ணாடி மாற்றியாயிற்று, பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டேன், கைப்பேசியிலும் ஒன்றுமில்லை என்று சொன்னான். திங்கட்கிழமை முதல் ஒரு கடையில் கைப்பேசி பழுதுபார்க்கும் வேலைக்குப் போவதாகவும் சொன்னான். அதை உமாராணியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அவள் கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தான். பிரேமாவதி அவனோடு லூனாசுக்குத் திரும்பினாள்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். போன் வரவில்லை. தாமதமாக வந்தாலும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை காரை எடுப்பதற்கு முன்பும் அவள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். மழையிலும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வைத்திருந்தாள். டாஷ்போர்டைப் பார்த்தபடியே ஓட்டினாள்.

ஒருநாள் வேலை முடிந்து, பாடாங் செராயில் முன்பின் தெரியாத ஒரு வயரிங் பட்டறையில் காரை விட்டாள். ஏதாவது பெட்டி, சிம் கார்டு மறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். பட்டறைக்காரர் பரஞ்சோதி டாஷ்போர்டைக் கழற்றினார், சீட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லக்கா. கழட்டுன எடம் மட்டும்தான் இருக்கு. சுத்தமா டேப் சுத்தி வெச்சிருக்காங்க."

நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"இன்னொரு தடவ பாத்துடுங்களேன்," என்றாள்.

அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

வீடு திரும்ப இருட்டிவிட்டது. காளிதாசன் சாப்பிடாமல் காத்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. எங்கே போனாள் என்பதை அவளாகவே சொன்னாள். அவன் தலை குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நானா இருந்தாலும் பாத்திருப்பேன்," என்றான் கடைசியில்.

அவள் அவனுக்குக் குழம்பு ஊற்றினாள். தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.