மூன்றாம் வீட்டம்மாவின் தலைவலி

சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவளுக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் அவள் தெருவின் பன்னிரண்டு வீடுகளிலும் விளக்கு மங்கிவிடும். முதல் இரண்டு வருடம் எல்லோரும் மின்சார ஆபீசைத்தான் வைதார்கள். லைன்மேன் பதினெட்டு முறை கம்பம் ஏறினார்; ஒரு குறையும் இல்லை. பத்தொன்பதாவது முறை தண்ணீர் கேட்டு மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டியவர், நெற்றியில் ஈரத்துணியோடு வாளிக்குப் பக்கத்தில் அவள் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். அவள் வாந்தி எடுத்து ஓய்ந்ததும் தெருவுக்கே வெளிச்சம் திரும்பியது. பழுதுப் புத்தகத்தில் காரணம் என்ற இடத்தில் ‘மூன்றாம் வீட்டம்மா தலைவலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதுவரை அவள் கணவன், “வேலைக்குப் போக வலிக்குதுன்னா நேரா சொல்லிடு. தலையை ஏன் இழுக்கிற?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது தெருவே கூடி அவளை டாக்டரிடம் அனுப்பியது. அவளுக்கு இருப்பது ஒன்றல்ல, மூன்று வலி என்றார் டாக்டர். நாளெல்லாம் குனிந்து தைப்பதால் கழுத்திலிருந்து ஏறி, தலையைப் பட்டை போட்டு இறுக்குவது ஒன்று. அது வரும் அன்று தெருவில் கதவுகள் இறுகிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் துடித்து, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் செய்வது இன்னொன்று. விளக்கு மங்குவது அதில்தான். மூன்றாவது, தினமும் மாத்திரை போட்டுப்போட்டு மாத்திரையாலேயே வருவது. அதில் கடிகாரங்கள் பத்து நிமிடம் பின்தங்கும்.

“நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி எத்தனை நாள் ஆச்சும்மா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “தெரியலை டாக்டர்.”

மாத்திரையைக் குறைத்தாள். பக்கத்து வீட்டு டீச்சர் மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள். கணவன் காலைச் சமையலை எடுத்துக்கொண்டான். அதில் கரிசனம் கொஞ்சம், கரண்ட் மங்கினால் டிவி சீரியல் போய்விடுமே என்ற கவலை மீதி என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் வாய்விட்டுச் சொன்னதை நம்பாதவர்கள் ஒரு பல்பு சொன்னதும் நம்பிவிட்டார்கள். கோபப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே. அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள்.

வலி முழுக்கப் போகவில்லை. வாரம் ஒருமுறை வந்தது இப்போது மாதம் ஒருமுறை வருகிறது. யாரும் மின்சார ஆபீசுக்குப் போன் செய்வதில்லை. விளக்கு மங்கியதும் ரேடியோவைக் குறைத்து, பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். அவள் கணவன் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஸ்கூட்டர்களை அணைத்துத் தள்ளிக்கொண்டு போகும்படி கையைக் காட்டுகிறான். ஓட்டி வருகிறவர்களும் ஏனென்று கேட்காமல் இறங்கித் தள்ளிப் போகிறார்கள்.