எமிலின் கடைசிச் சாட்டு

1

மறைப்பானேன், இது கேக் தின்னப் போன இடத்தில் கிடைத்த கதை. மன்னார்ப் பேசாலையில் என் சிநேகிதன் எமில், பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய கேம் கொம்பியூட்டருக்குப் புதுப் புரோசசர் போட்டிருந்தான். ஞாயிறு பூசை முடிய ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார், நீயும் வா என்றான். வள்ளத்தை மந்திரிப்பார்கள், வீட்டை மந்திரிப்பார்கள். புரோசசரையுமா? சிரிப்பை அடக்கிக்கொண்டு "ஓம்" என்றேன்.

2

முதல் தொடக்கம்: "உப்புக்காற்று ஓயாத அந்தக் கரையில், அலைகள்..."

(வேண்டாம். மன்னார் என்றால் கடலும் கழுதையும் பெருக்கமரமும் கேட்கிற வாசகர்கள் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்ளட்டும். எமிலின் அறையில் யன்னல் எப்போதும் சாத்தித்தான் இருக்கும்.)

இரண்டாவது தொடக்கம்: "எமில் திறமான ஆட்டக்காரன். ஆனால்..."

இந்த ஆனாலுக்குப் பின்னால்தான் மூன்று வருடம் கிடக்கிறது. எமிலுக்கு வயது முப்பத்திநாலு, கந்தோரில் கிளாக்கர். ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து சுடுகிற விளையாட்டொன்றில் அவனுடைய குழு தோற்றுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் சாகிறவர் நம்முடைய ஆள்தான். இன்ரநெற் சரியில்லை என்றான், மாற்றினான். மவுஸ் பிழை என்றான், மாற்றினான். பிறகு ராம். பிறகு கிராபிக்ஸ் கார்ட். ஒன்றை மாற்றிய கிழமையே பழி அடுத்ததன் தலையில் விழும். மிஞ்சியது புரோசசர் மட்டும்.

குழுத் தலைவன் எருக்கலம்பிட்டி றுஸ்தி. பொறுமைசாலிதான், ஆனால் அவனுக்கும் போன மாதம் அலுத்துவிட்டது.

"மச்சான், அதையும் மாத்திப்போட்டு வா. இந்த முறையும் நீ முதல் ஆளாச் செத்தா நான் வேற ஆளப் போடுவன். கோவிக்காத."

எமில் தலையாட்டினான். அன்றிரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. [இது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இவ்வளவு பொய்க்கும் அனுமதி இல்லையென்றால் நான் மரண அறிவித்தல் எழுதிப் பிழைக்கலாம்.]

3

சனிக்கிழமை புரோசசரை மாற்றினான். பழையதைக் கழற்றி, காய்ந்த வெப்பப் பேஸ்டைத் துடைத்து, புதியதை மூலைக்குறி பார்த்து வைத்தான். ஒரு குண்டு நேராகச் சுடத் தெரியாத மனிதனுக்குக் கழற்றிப் பூட்டுவது மட்டும் அப்படியொரு கைவந்த வேலை! மின் ஆளியைப் போட்டதும் திரை வெளிச்சமாக எரிந்தது. எல்லாம் பறந்தது, எங்கும் தடங்கல் இல்லை.

அப்போதுதான் எமில் இதுவரை மாற்றியதையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். இனித் தோற்றால் எதைச் சாட்டாகச் சொல்வது?

4

ஞாயிறு ஃபாதர் வந்தார். எமில் கொம்பியூட்டர்ப் பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே தெரிய வைத்திருந்தான். அவன் மனைவி றஞ்சிதா பதறிப்போனாள்.

"உதை மூடுங்கோவன். தண்ணி பட்டாப் போச்செல்லே?"

"எங்கட அப்பா புது இஞ்சின் மந்திரிக்கேக்க மூடியக் கழட்டித்தான் வைப்பார். தண்ணி இரும்பில படவேணும்."

"இது வள்ளத்து இஞ்சினே?"

"நீர் சும்மா இரும்."

இந்த இடத்தில் எழுத முடியாமல் மூன்று நாள் நின்றுவிட்டேன். இவன் உண்மையிலேயே விசுவாசியா, அல்லது... [வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.] விசுவாசி என்று ஒரு பக்கம் எழுதினேன், நானே நம்பவில்லை. கள்ளன் என்று ஒரு பக்கம் எழுதினேன், பாவமாக இருந்தது. இரண்டையும் கிழித்துப்போட்டுக் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

செபம் தொடங்கியது. எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினோம். ஃபாதருக்குத் தாராளமான கை. என் கன்னத்திலும் நாலு சொட்டு விழுந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த எமில், பெட்டியின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஃபோனோடு நேரே விறாந்தைக்குப் போனான். கேக் அங்கேதான் இருந்தது, நானும் போனேன்.

"றுஸ்தி, மச்சான், தண்ணி உள்ளுக்குப் போயிட்டுது. இண்டைக்கு ஏலாது போல கிடக்கு. என்ன செய்யிறது, இப்பதான் சரியாக்கினனான்..."

குரலில் அப்படியொரு துக்கம். பின்னால் றஞ்சிதா ஈரத் துவாயோடு வந்து நின்றாள்.

"ஒரு சொட்டும் படேல்லையப்பா. நான் துவாயப் போட்டு மூடினனான். வந்து பாருங்கோ, நல்லா வேலை செய்யுது."

ஃபோனில் றுஸ்தி போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நாலு மணிக்கு வா, மச்சான்!"

தன்னைக் காப்பாற்றியவளை ஒரு மனிதன் அப்படிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

5

முடிவுகள். அ: முதல் ஆளாகச் சாகிறான். நீங்கள் எதிர்பார்த்தது. ஆ: வெல்கிறான். பரிசளிப்பு விழாவுக்குக் கதை எழுதுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். இ: மின்சாரம் நின்றுபோகிறது. அவனுக்கு அந்த உதவியை நான் செய்யமாட்டேன்.

மூன்றரைக்கு எமில் மேசையில் போய் இருந்தான். றஞ்சிதா கதிரையொன்றை இழுத்து அவன் பின்னால் போட்டாள். இந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் அவள் இருந்து பார்த்ததில்லை.

"விளையாடுங்கோ, நான் பாக்கிறன். இண்டைக்கு நீங்கள்தான் வெல்லுவியள்."

முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை. அவள் அவனை நம்பினாள். அவனுடைய கழுத்து வேர்த்ததை நான் பார்த்தேன்.

எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள். வெறுமையாகத்தான் கிடக்கிறது, முடிவு வேண்டுமானால் நீங்கள் போய் இருங்கள். நான் கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி எழும்பிவிட்டேன். பின்னேரம் மூன்றரைக்கு என்ன கடைசி பஸ் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.