விழக்கூடாத லிஃப்ட்

படம் ஆரம்பித்து இருபதாவது நிமிடத்தில் மாமனாருக்குக் கொட்டாவி வந்தது. வாயைத் திறக்காமல் அதை அப்படியே விழுங்கினார். பக்கத்தில் மாப்பிள்ளை. மூன்று வாரத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து, லீவும் போட்டு, "மாமா, நம்ம ஆள் திரும்ப வர்றான்" என்று கூட்டிவந்தவர்.

நம்ம ஆள் என்றால் நீலக்கையன். பூட்டு ரிப்பேர்க் கடைக்காரன். யாராவது ஆபத்தில் கத்தினால் வலது கை நீலமாகி, எதையும் தூக்கும் பலம் வந்துவிடும். ஆறு வருஷத்துக்கு முன் அவனுடைய முதல் படம் வந்தபோது மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட ஆள். மூன்று பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, புறப்படும் நேரத்தில் மகள் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அது என்ன மாதிரித் தலைவலி என்று இரண்டு பேருக்குமே தெரியும். வேண்டா வெறுப்பாகப் போனார்கள். அந்தப் படத்தில் நீலக்கையன், நடக்க முடியாத ஒரு அம்மாளைத் தூக்கிக்கொண்டு நாற்பது மாடி இறங்குவான். பாதி வழியில் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்து, "கொஞ்சம் இருங்கம்மா" என்பான். லிஃப்ட் மெக்கானிக்காக இருபத்தெட்டு வருஷம் கருவிப் பையோடு படியேறி இறங்கின மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பினால், மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது. வேறு எதை எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் வண்டி நின்றுவிடும். நீலக்கையன் என்றால் ஓடும்.

இப்போது மாப்பிள்ளைக்கு மாற்றல். அவர் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளி, ரயிலில் பதினாலு மணி நேரத் தொலைவில் புதுக் கிளை திறக்கிறார். லென்ஸ் தேய்க்கும் பிரிவுக்கு இவர்தான் பொறுப்பு. அடுத்த வாரம் மகளும் கூடவே கிளம்புகிறாள். சேதி வந்த நாளிலிருந்து மாமனார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரையில் நீலக்கையன் பறந்தான். முதல் படத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு ஓடினவன், பறந்தான்! வேறு கிரகத்துக்குப் போய்விட்டு வந்தான். அவனைப் போலவே இன்னும் ஏழு பேர் முளைத்தார்கள். ஒருத்தனுக்கும் வியர்க்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு ரோப் அறுந்து ஒரு லிஃப்ட் அறுபது மாடி விழுந்தது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை, "சூப்பரா இருந்துதில்ல மாமா?" என்றார்.

"பிரமாதம். அந்தச் சண்டையெல்லாம்..." எந்தச் சண்டை என்று அவருக்கே தெரியவில்லை.

"கிராஃபிக்ஸ் நல்லா பண்ணியிருக்காங்க."

"ஆமாமா."

எதிர்க் கடையில் உட்கார்ந்து காபி வாங்கி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தார்கள். ஊரைவிட்டுப் போகிற நேரத்தில் பிள்ளை ஆசையாகக் கூட்டிவந்த படம். அதைப் போய் நொட்டை சொல்வதா?

மாப்பிள்ளைதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு ரோப் அறுந்தா லிஃப்ட் அப்படி விழுமா?"

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாக்கு புரளவில்லை.

"எப்படி விழும்? ஆறு ரோப் இருக்கும் மாப்பிள்ளை! ஆறும் அறுந்தாக்கூட, அடியில இருக்கற பிடி ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கும். விழவே விழாது. எந்த மடையன் இதை எழுதினான்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளை அவரையே பார்த்தார்.

"அப்ப உங்களுக்கும் பிடிக்கலையா?"

"உங்களுக்கு?"

"சுத்தக் குப்பை மாமா! எழுந்து போயிடலாமான்னு இருந்துச்சு. நீங்க ஆசையா பாக்கறீங்களேன்னுதான்..."

"நானா? கொட்டாவியை விழுங்கி விழுங்கியே வயிறு ரொம்பிடுச்சு!"

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் காபி புரையேறியது. மாமனார் எழுந்து அவர் தலையில் தட்டினார். ஆறு வருஷத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கையை எடுக்கவும் தோன்றவில்லை, வைத்திருக்கவும் கூச்சமாக இருந்தது.

"எந்த நாள் கிளம்பறீங்க?" என்றார், நின்றபடியே.

"வியாழக்கிழமை மாமா."

"பெட்டியெல்லாம் ஜாஸ்தி இருக்குமே. நான் ஸ்டேஷனுக்கு வர்றேன்."

"வாங்க மாமா." மாப்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்தார். "அங்கேயும் வாங்க. பத்து நாள் தங்கற மாதிரி."

மாமனார் உட்கார்ந்தார். இன்னும் இரண்டு காபி சொன்னார். "அது கிடக்கட்டும், பூட்டுக் கடை என்னாச்சு? ஒரு காட்சியிலயாவது காட்டினானா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

மேசை மேல் மாப்பிள்ளையின் போன் அதிர்ந்தது. மகள். படம் எப்படி என்று கேட்கத்தான் இருக்கும். அதிர்ந்து அதிர்ந்து அது ஓரத்துக்கு நகர்ந்தது. மாப்பிள்ளை அதைப் பார்க்காமலே ஒரு விரலால் நடுவுக்கு இழுத்துவிட்டு, "அந்த ஏழு பேர் எதுக்கு வந்தாங்க மாமா, சொல்லுங்க" என்றார். போன் மறுபடியும் நகர ஆரம்பித்தது.