‘கிவ்’ என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதியதும், கீழே வருகிற தமிழ் எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் நாற்காலியில் உட்கார்ந்து சோடிக்கக் கூடாது. நிஜமாக ஒருவர் பேசி, நம் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். யார் சொன்னது, எங்கே, யாரிடம் என்று கேட்டால் பதில் வர வேண்டும். சட்டம் போட்டவள் நான்தான். மீறியவர்கள் அன்றைக்கு என் வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது.

அன்று ‘கிவ்’. சனியன் பிடித்த சொல். கொடு, தா, வழங்கு என்று சாதுவாக ஆரம்பிக்கும். ‘கேவ்’, ‘கிவன்’, ‘கிவ்வர்’ வரை தொல்லையில்லை. பின்னால் குட்டிச் சொல் ஒன்று வந்து ஒட்டியதும் ஆளே மாறிவிடும். ‘கிவ் அப்’ என்றால் கைவிடுவது, ‘கிவ் இன்’ என்றால் பணிந்துபோவது. அடுத்தது ‘கிவ் அவே’. தன்னுடையதை இன்னொருவருக்கு ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். தாடி தொண்டையைச் செருமினான். அவன் உதவி ஆசிரியன். தாடியை எடுத்து வெகுநாளாகியும் பெயர் போகவில்லை.

“என்னப் பெத்தவங்க என்ன வேற ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டாங்க. இது பஸ்ல கேட்டது மேடம். ஒரு ஸ்கூல் பொண்ணு சொன்னது.”

எனக்குச் சுருக்கென்றது. என் மகளும் நான் பெற்றவள் இல்லை. தொப்புள்கொடி காய்வதற்குள் என் கைக்கு வந்தவள். அது அவளுக்குத் தெரியாது. பரீட்சை முடியட்டும், காய்ச்சல் விடட்டும் என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சொன்ன பிறகு என்னை அம்மா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ என்று பயம். அலுவலகத்தில் இது ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

“சோடிச்சிருக்கீங்க” என்றேன். “எந்தப் பொண்ணு பஸ்ல உக்காந்து இதெல்லாம் பேசும்?”

“சத்தியமா மேடம். பக்கத்துல இருந்த ஃப்ரெண்டுகிட்ட சொல்லுச்சு.”

“கதை விடாதீங்க. விவரம் சொல்லுங்க.”

டைப் அடிக்கிற அம்மா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அதோடு நான் விட்டிருக்கலாம். விடுகிற வாயா இது?

தாடிக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னைக்குக் காலையில பஸ்லதான் கேட்டேன் மேடம். அதோட சித்தி போன்ல பேசினத அந்தப் பொண்ணு எப்பவோ ஒட்டுக்கேட்டுருச்சாம்.”

சித்தி என்றதும் பேனாவை மூடிவைத்தேன். என் தங்கை வாயில் எதுவுமே நிற்காது.

“அம்மாகிட்ட அது காட்டிக்கலையாம். அவங்க என்னைக்காவது சொல்லுவாங்க, அன்னைக்கு முதல் தடவை கேக்குற மாதிரி அதிர்ச்சியாகணுமாம். முன்னாடியே தெரியும்னா அவங்க ஒடஞ்சிடுவாங்களாம். ஃப்ரெண்டு இதோட அம்மா மாதிரி பேச, இது கண்ண விரிச்சு, வாயப் பொத்தி ஒத்திகை பாத்துச்சு மேடம். அம்மாவுக்கு அது வச்சிருக்கற பேரு டிக்‌ஷனரியாம்.”

டைப் அடிக்கிற அம்மா சிரித்தாள். என் வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

“அந்தப் பொண்ணோட பை எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“ஜிப்பு போன பை. பெரிய ஊக்கு ஒண்ணு குத்தியிருந்துச்சு.”

காலையில் பஸ் போயிடும், பஸ் போயிடும் என்று கத்திக்கொண்டே அந்த ஊக்கை என் புடவையிலிருந்து கழற்றி மகளின் பையில் குத்தியவள் நான்தான். என் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தை எனக்காக நடிக்கப் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் ஊர் பார்க்கிற பஸ்ஸில்.

“வாக்கியத்த வச்சுக்கலாமா மேடம்?”

“வச்சுக்கோங்க. கேட்டதுதான்” என்று சொல்லிவிட்டு, தலைவலி என்று கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த யூனிஃபார்மோடு நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன டிக்‌ஷனரி, சீக்கிரம் வந்துட்ட?”

“உக்காரு. ஒண்ணு சொல்லணும்.”

சொல்லை வைத்துப் பிழைக்கிறவளுக்கு நல்லதாக ஒரு சொல் வாயில் வரவில்லை. “நீ என் வயித்துல பொறக்கலடி” என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அவள் கண்ணை விரிப்பாள், வாயைப் பொத்துவாள் என்று காத்திருந்தேன். எப்படி நடித்தாலும் நம்பிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. பழகியதெல்லாம் எங்கே போனதோ, முகம் வெளுத்து என்னையே பார்த்தாள்.

“ஏன் இப்பச் சொல்ற?” என்றாள். “அவங்க என்னத் திருப்பிக் கேக்கறாங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதையா இவள் இத்தனை நாளும் தனியாக உள்ளே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தாள்? பாவி மகளே.

“யாரும் கேக்கல. எவன் வந்து கேட்டாலும் உன்னக் குடுக்க மாட்டேன்.”

டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவள் என் பக்கத்தில் வந்து நெருக்கி உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவ சொல்லும்மா” என்றாள்.