பத்தால் வகுத்த பூனை

எங்கள் பூனையின் பெயர் பீரங்கி. அது குறட்டை விட்டால் அடுத்த தெருவில் ஜன்னல்கள் அதிரும். எடையோ ஒரு கன்றுக்குட்டிக்குச் சமம். இதைப் படித்தால் என் மனைவி, "பத்தால வகுத்துக்கோங்க" என்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இந்த எச்சரிக்கை, பிறகுதான் குடிக்கத் தண்ணீர். எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் வேலையில், ஒரு கிராம் கூட்டாமல் குறைக்காமல் காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது கொஞ்சம் தாராளமாக அளக்கக்கூடாதா?

இந்த வகுத்தல் கணக்கு கால்நடை டாக்டரம்மா வரை போயிருந்தது. போன தடவை, பீரங்கி ஒரு வாளி வாந்தி எடுத்ததாகச் சொல்லியிருந்தேன். வந்தது பாக்கு அளவில் ஒரு முடியுருண்டை. டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

இந்த முறை அதுவே வினையானது. பீரங்கி நிஜமாகவே இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தட்டு வரை வரும், முகரும், ஒரு வாய் கவ்வும், தலையைச் சாய்த்துக் கீழே போட்டுவிட்டு, முன்காலால் இடது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையைப் பெரிதாக்கிச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

மனைவி வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள். நான் கூடையோடு உள்ளே போனேன்.

"வாங்க சார், இன்னிக்கு எத்தனை வாளி?"

"வாளியெல்லாம் இல்லம்மா. ரெண்டு நாளா சாப்பிடல."

"பத்தால வகுத்தா அஞ்சு மணி நேரம்கூட வரலியே!"

வயிற்றை அமுக்கினார், காய்ச்சல் பார்த்தார், உதட்டைத் தூக்கி முன்பற்களைப் பார்த்தார். துரோகிப் பூனை, போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல மேஜைமேல் ஜம்மென்று இருந்தது.

"நல்லாத்தானே இருக்கான்? பசிக்கு டானிக் தர்றேன்."

"பின்பல்லைப் பாருங்கம்மா. இடது பக்கம்."

"அதுக்கு மயக்க ஊசி போடணும் சார். இந்த வயசுல அவனுக்கு அது எதுக்கு வீணா?"

இருபது நாள் என்று ஆரம்பித்திருந்தால் வகுத்த பிறகு சரியாக இரண்டு நாள் நின்றிருக்கும்! கெட்டிக்காரத்தனம் எனக்கு எப்போதும் ஒரு வண்டி தாமதமாகத்தான் வரும். டாக்டரம்மா டானிக் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் இருந்தது. அதை மேஜை விளிம்பில் வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்து வாயால் கவ்வினேன். தலையைச் சாய்த்தேன். ஒரு கடி. முனகிக்கொண்டே கீழே போட்டேன். பிறகு புறங்கையால் இடது கன்னத்தைத் தேய்த்தேன். வாசலில் காத்திருந்த ஒரு நாய் எழுந்து நின்று பார்த்தது. அதன் பின்னால் என் மனைவி.

"இதை எத்தனையால வகுக்கணும்மா?" என்று அவளிடம் கேட்டார் டாக்டரம்மா.

"இன்னிக்கு வகுக்காதீங்க டாக்டர்," என்றாள் மனைவி. "அப்படியேதான் பண்றான். இவர் ஒரு பொட்டுகூடச் சேர்க்கல. ரெண்டு நாளா வீட்டுல இவர் எதையுமே பெருசாக்கிச் சொல்லல. எனக்கே பயம் வந்துடுச்சு."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. பேனாவை மூடிவிட்டு ஊசி மருந்தை எடுத்தார்.

இடது கடைவாய்ப் பல் பிளந்திருந்தது, வேரில் சீழ். "நல்லவேளை சார், விடாப்பிடியா நின்னீங்க. விட்டிருந்தா தாடைக்குப் போயிருக்கும்," என்று பிடுங்கிய பல்லைக் காட்டினார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது.

வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டில் பிடித்துக்கொண்டார். "பூனைக்கு என்னாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "பல்லு பிடுங்கினாங்க அண்ணே. பல்லா அது? யானைத் தந்தம்! நாலு பேர் பிடிச்சு இழுத்தாங்க!"

நான் தொண்டையைச் செருமினேன். "பத்தால வகுத்துக்கோங்க."

மறுநாள் மாலை, குழைத்துக் கொடுத்த மீனோடு தட்டையும் சேர்த்துத் தின்றது பீரங்கி. இதை வகுக்கவே வேண்டாம். ஓரத்தில் கொஞ்சம் தட்டு மிச்சம் இருந்தது.