குருவி எண்ணும் ஞாயிறு

மார்கழியில் ஒரு ஞாயிறு துரைமார் அவரவர் தேயிலைத் தோட்டத்தில் குருவி எண்ணுவார்கள். அன்றைக்குத் தோட்டத்தில் விறகு பிளக்கக் கூடாது, பிள்ளைகள் கத்தக் கூடாது. அந்த வருஷம் அதற்கு முந்தின நாள் பழனியாண்டி செத்துப்போனான். பூண்டுலோயாவிலிருந்து அவன் அக்கா வந்துசேர ராத்திரியாகிவிட்டது. பிரேதம் லயத்து வீட்டிலேயே கிடந்தது.

விடிந்ததும் இராமையா கங்காணி வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"பேச்சியம்மா, பொழுது சாயுற வரைக்கும் தப்பு அடிக்கக் கூடாதுன்னு தொரை சொல்லிட்டாரு. மயானத்துக்குக் கீழ சேத்துப் பள்ளத்துலதான் இந்த வாட்டி எண்ணுறாங்க. சத்தமில்லாம தூக்கிட்டுப் போங்க. இல்லாட்டி நாளைக்கு வச்சுக்கங்க."

"நாளைக்கு வேலை நாளு. தூக்க எவன் வருவான்?" என்றாள் செத்தவனின் பெண்சாதி.

"நான் என்னா செய்ய? குருவி கெளப்ப என்னையும் நாலு ஆளையும் வரச் சொல்லியிருக்காரு."

"போயி எண்ணுங்க கங்காணி. இங்க கெடக்கிறது ஒன்னுதான். எண்ண வேண்டியதில்ல."

அவர் இறங்கிப் போனார்.

தப்புப் பறை முழங்காமல் போவது நாதியற்ற பிணம். லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும். மூக்கனுக்கும் தெரியும். தினமும் இருட்டோடு தப்படித்து, பெரட்டில் நின்று பேர் கொடுக்க ஆட்களை எழுப்புகிறவன் அவன். கால் முறிந்து கோணலாகச் சேர்ந்தவன். அந்த வேலை இருந்ததால்தான் மலையில் மண்வெட்டி பிடிக்காமல் தப்பித்திருந்தான்.

பேச்சியம்மா கெஞ்சவில்லை.

"ஒன் சத்தத்துக்குத்தான் அந்த மனுசன் தெனமும் எந்திரிச்சுப் போனாரு. காய்ச்சலோடயும் போனாரு. இன்னைக்கு அவருக்கு அது இல்லையாண்ணே?"

"தொரை வேலைய விட்டு எடுத்துருவாரு தாயி."

"எடுப்பாரு" என்றாள்.

மூக்கன் பிரேதத்தின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கணுக்காலில் அட்டை கடித்த வடுக்கள். எழுந்து சருகைக் கூட்டித் தீ வைத்தான். தப்பின் தோலைக் காய்ச்சினான்.

கீழே பள்ளத்தில் துரை தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்திருந்தார். பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும் உள்ளான் குருவிகள் கோரைக்குள் மேய்ந்துகொண்டிருந்தன. கங்காணியும் நாலு ஆட்களும் முழங்கால் சேற்றில் வரிசையாக நின்றார்கள். துரை கை காட்டினால் நடக்க வேண்டும்.

மேலே முதல் அடி விழுந்தது. உள்ளான்கள் மொத்தமும் ஒரே வீச்சில் கிளம்பி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

"கங்காணி! என்ன சத்தம்?"

"சாவுங்க தொரை."

"நீ சொல்லலையா?"

"சொன்னேனுங்க."

பாடை வளைவில் திரும்பியது. சேற்றில் நின்ற ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்தான். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். கங்காணி துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் அவிழ்த்தார். துரையும் தொப்பியை எடுத்தார். பாடை மயானத்துக்குள் போகும்வரை தலைகுனிந்து நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு மூக்கனுக்கு மண்வெட்டி குடு."

மறுநாளிலிருந்து தண்டவாளத் துண்டைத் தட்டி ஆட்களை எழுப்பினார்கள்.

கருமாதி கழிந்து பேச்சியம்மா கொழுந்தெடுக்கப் போனாள். மூக்கன் சரிவில் ஒரு காலை இழுத்து இழுத்து மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் நின்றாள்.

"போ தாயி, கொழுந்து எடு. நான் செத்தா அடிக்கத்தான் ஆளில்ல" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கிவைத்தாள். கானுக்குள் இறங்கி, அவன் வெட்டிப்போட்ட மண்ணைக் கையால் அள்ளி மேலே போட்டாள். மேட்டிலிருந்து கங்காணி பார்த்தார். கூப்பிடவில்லை.