மூச்சுத் துளை

“ஏம்மா, இதுல மீன் விடலாமா?” என்று டாக்ஸிக்காரர் ஒருமுறை அவளிடம் கேட்டார். அவர் காரின் ஹெட்லைட்டுக்குள் மழைத் தண்ணீர் விரற்கடை உயரத்துக்கு நின்றிருந்தது. அவள் விளக்கைக் கழற்றி, தண்ணீரைச் சாய்த்து, ஹேர் டிரையரில் காயவைத்து, விரிசலைப் பசையால் அடைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அண்ணனின் பட்டறைக்கு வரும் விளக்கெல்லாம் அவளுடைய ஜன்னலோர மேசைக்கே வந்தன. வீட்டில் அவளுக்கென்று ஒரு அலமாரிகூட இல்லை. இங்கே ஒரு மேசை இருந்தது.

பிறகு அண்ணி வந்தாள். கல்யாணமான மூன்றாம் மாதமே பட்டறைக்கும் வந்தாள். சும்மா வேடிக்கை பார்க்கிறேன் என்றவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அப்புறம் மேசையில் பாதியை எடுத்துக்கொண்டாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான்.

இன்று அதே டாக்ஸிக்காரர் வந்து நின்றார். விளக்குக்குள் ஆவி படிந்திருந்தது.

“குடுங்க, பாத்துடறேன்.” அவள் கையை நீட்டினாள்.

“இருக்கட்டும்மா. உங்க அண்ணி இல்லையா? அவங்க செஞ்சா திரும்ப வர்றதே இல்லையாமே!”

வண்டிக்கு அடியில் படுத்திருந்த அண்ணன் சிரித்தான். “கேட்டியாடி வாலு? உனக்குப் போட்டிக்கடை வந்தாச்சு!”

அடுப்பில் போட்ட உப்பாய் அவளுக்குள் ஏதோ வெடித்தது.

அண்ணி அவசரமே படாமல் விளக்கைக் காயவைத்தாள், இற்றுப்போன ரப்பர் வளையத்தை மாற்றினாள். கழற்றிய திருகாணிகளை ஒரு மூடியில் வரிசையாக அடுக்கியிருந்தாள். பாட்டு வேறு முணுமுணுத்தாள். அந்தப் பாட்டைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணி கை கழுவப் போனாள். விளக்கின் அடியில் மிளகளவு துளை ஒன்று உண்டு. விளக்கு சூடானதும் உள்ளேயிருக்கும் ஈரக்காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். விவரமறியாதவர்கள் தண்ணீர் புகும் வழி என்று அதை அடைத்துவிடுவார்கள். அவள் விவரமறிந்தவள். அறிந்தே, அண்ணி திரும்புவதற்குள் அதன்மேல் ஒரு பொட்டுக் கறுப்புப் பசையை வைத்துத் தேய்த்தாள்.

நான்காம் நாள், கொட்டும் மழையில் டாக்ஸிக்காரர் திரும்பி வந்தார்.

“முன்ன இருந்ததைவிட மோசம். எதிர்ல சைக்கிள்ல ஒருத்தர் வந்ததே தெரியல. மயிரிழையில தப்பிச்சார்.”

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். “நேத்து கத்துக்கிட்டவ கையில குடுத்தது என் தப்பு. இனிமே விளக்கு வேலையெல்லாம் தங்கச்சியே பாக்கட்டும்.”

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! காய்ச்சிய ஈயமாகக் காதில் இறங்கியது.

அண்ணி விளக்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். துளையிலிருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அண்ணி பயன்படுத்துவது எப்போதும் வெள்ளைப் பசை. கறுப்புப் பசைக் குழாய் பட்டறையிலேயே ஒருத்தியிடம்தான் இருந்தது.

“அண்ணி...”

“என்னடி?” என்றான் அண்ணன்.

சொல்லிவிட்டால் மேசை போய்விடும்.

“ஒண்ணுமில்லண்ணா.”

அண்ணி அந்தக் கறுப்புத் துணுக்கை அவள் முன்னால் வைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். டாக்ஸிக்காரர் ஒதுங்கி வழிவிட, மழையில் இறங்கி நடந்தாள்.